கீழ்த்தட்டில் வைத்த குழி

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "குழி வெட்டறேன்" என்றுதான் அவர் சொல்வார். கேட்டவர் முகம் போகும் போக்கைப் பார்ப்பதில் அவருக்கு ஓர் அற்ப சந்தோஷம். பெண் கேட்டுப் போன இடத்திலும் இதையே சொல்லி வைத்தார். வருங்கால மாமனார் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாராம். கூட வந்த அண்ணன்தான் பின்னாலேயே ஓடி, "சுடுகாட்டுல இல்லைங்க, கோல்ஃப் மைதானத்துல" என்று விளக்க வேண்டியிருந்தது. விளக்கிய பிறகும் அந்த வீட்டுக்காரர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஏதோ மைதானம், மரம், காற்று, உடம்புக்கு நல்லதுதானே என்று பெண்ணைக் கொடுத்துவிட்டார்கள்.

அது என்ன வேலை என்பதைச் சொல்லிவிட வேண்டும். கோல்ஃப் ஆட்டத்தில் பந்து கடைசியாகப் போய் விழுகிற குழி ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஆட்டக்காரர்கள் சுற்றிச் சுற்றி மிதித்து விளிம்பு நசுங்கிவிடும், புல் செத்துவிடும். அதனால் நேற்றைய குழியை மூடி, இன்றைக்கு வேறு இடத்தில் புதிதாகத் திறக்க வேண்டும். குழி இருக்கும் அந்த மழித்த புல்தரையை அங்கே எல்லோரும் கிரீன் என்பார்கள். இரண்டு கைப்பிடி வைத்த இரும்புக் குழலைக் கிரீனில் நிறுத்தி, உடம்பின் எடை முழுவதையும் அதன்மேல் போட்டு, இடமும் வலமுமாகத் திருகினால், புல்லோடு சேர்த்து ஓர் உருளை மண் வெளியே வரும். அதைப் பழைய குழியில் இறக்கி, தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் அமுக்கித் தடவிப் பார்க்க வேண்டும். மயிரிழை உயர்ந்திருந்தாலும் அந்த வழியாக வரும் பந்து துள்ளும். பிறகு புதுக் குழிக்குள் உலோகக் கிண்ணத்தை இறக்கி, விளிம்புக்கு வெள்ளைச் சாயம் பூசி, கொடியை நட வேண்டும். இப்படிப் பதினெட்டு. வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

முப்பத்தொரு வருஷமாக அவர் இதைச் செய்து வந்தார். தண்ணீர்க் குழாய் பதிக்க வந்தவர். அப்போது குழி வெட்டிக்கொண்டிருந்தவருக்கு மணிக்கட்டு உடைய, ரெண்டு வாரம் பார்த்துக்கொள் என்று குழலைக் கையில் கொடுத்தார்கள். அந்த ரெண்டு வாரம் இன்னும் முடியவில்லை. எந்தக் காலத்துக் கிளப் செயலாளரோ விளையாட்டாகக் 'குழியார்' என்று மரியாதை போட்டுக் கூப்பிட, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே ஒரு கணம் யோசிப்பார்.

இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு முறை மட்டையைப் பிடித்து அடித்துப் பார்த்தார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது, புல்தான் பெயர்ந்து பறந்தது. ஓடிப்போய்ப் புல்லைப் பொறுக்கி வந்து, பெயர்ந்த இடத்தில் வைத்து, தண்ணீர் ஊற்றிவிட்டு, மட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். புல் விஷயத்தில் அவர் அப்படி. கிரீனில் காலை இழுத்து இழுத்து நடப்பவர் கிளப்பின் தலைவராகவே இருந்தாலும், "காலைத் தூக்கி வெச்சு நடந்தா என்னங்க குறைஞ்சு போயிடும்?" என்று கேட்டுவிடுவார். மெமோ வரும். வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்.

வலது தோள் போய் நாலு வருஷம் ஆகிறது. குழலைத் திருகித் திருகித் தேய்ந்த தோள். கையைக் காதுக்கு மேல் தூக்க முடியாது. தலை வாருவது இடது கையால். சட்டை போடும்போது மனைவி பின்னால் நின்று கையை நுழைத்துவிட வேண்டும். கிளப்பில் யாருக்கும் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். தெரியாமலா இருக்கும்? போன மழைக்காலத்தில் தலைமைத் தோட்டக்காரர், அவரைவிடப் பத்து வயது சின்னவர், நல்ல மனுஷன், சத்தம் போடாமல் ஒரு காரியம் செய்தார். கடைசி இரண்டு குழிகளைத் தானே முன்னதாக வந்து வெட்டி வைத்துவிட்டார். குழியார் பதினேழாவது கிரீனுக்குப் போய்ப் பார்த்தால் புதுக் குழி திறந்து கிடக்கிறது. குனிந்து விளிம்பைத் தடவினார். நன்றாகவே வெட்டியிருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. இரண்டையும் மூடிவிட்டு, பக்கத்திலேயே தன் கையால் வேறு இரண்டு வெட்டினார். ஒரு மாதம் அந்தத் தோட்டக்காரரோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடவில்லை. என்ன தப்புச் செய்தோம் என்றே தெரியாமல் அந்த மனுஷன் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவு சொன்னது சாம்பியனைப் பற்றிச் சொல்லத்தான்.

சாம்பியனை அவர் மனைவிகூடச் சாம்பியன் என்றுதான் கூப்பிடுவாள் என்பார்கள். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், இந்த மைதானத்தில் வருஷா வருஷம் நடக்கும் பெரிய போட்டியில், யாருக்கும் தெரியாத இருபத்தைந்து வயது ஆளாக வந்தவர். கடைசி நாள் காலையில் இருப்புக் கொள்ளாமல், பொழுது சரியாக விடிவதற்குள் மைதானத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். பம்பு அறை ஓரம் குழியார் தன் குழலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"குழியாரே, இன்னைக்கு எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாராம், சும்மா, பேச்சுக்கு.

குழி எங்கே என்பதைப் பற்றி ஆட்டக்காரர்களோடு பேசக் கூடாது என்பது வேலைக்காரர்களுக்கு விதி. அதுவுமில்லாமல் அன்றைக்குக் குழியாருக்குப் பல்வலி. தலையைத் தூக்காமலே, "போய்ப் பாருங்க" என்றார்.

போய்ப் பார்த்தார். பதினெட்டாவது கிரீன் இரண்டு தட்டாக இருக்கும். நடுவில் இடுப்பளவுக்கு ஒரு சரிவு. அன்றைக்குக் குழி மேல்தட்டில், வலது ஓரத்தில். அந்தக் குழியில் கடைசிப் பந்தை உருட்டிவிட்டுத்தான் அவர் சாம்பியன் ஆனார். பிறகு இதே மைதானத்தில் இன்னும் இரண்டு தடவை ஜெயித்தார், வெளியே எங்கெங்கோ ஜெயித்தார். ஆனால் ஆட்டக்காரர்களைப் போல மூடநம்பிக்கை பிடித்து ஆட்டும் கூட்டம் வேறு கிடையாது. முதல் தடவை ஜெயித்தபோது போட்ட காலுறையைத் துவைக்காமல் வைத்திருப்பவர்கள் உண்டு. சாம்பியனுக்கு இந்தக் கேள்வி. போட்டி நடக்கும் நாலு நாளும் காலையில் பம்பு அறைப் பக்கம் வருவார்.

"இன்னைக்கு எங்க வெச்சிருக்கீங்க?"

"போய்ப் பாருங்க."

அவ்வளவுதான். குழி எங்கே என்று அச்சடித்த தாளை ஆட்டம் தொடங்கும் முன் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் கொடுத்துவிடுவார்கள். அது தெரிந்தேதான் கேட்டார், தெரிந்தேதான் இவரும் சொன்னார். இருபத்தாறு வருஷத்தில் இரண்டு பேரும் பேசியதை எழுதி வைத்தால் ஒரு பக்கம் தேறாது. வீட்டுக்கு வந்து போனதில்லை, ஒரு டீ சேர்ந்து குடித்ததில்லை. ஆனாலும் சாம்பியனுக்கு முழங்காலில் முதல் அறுவை நடந்தது என்று கேள்விப்பட்ட அன்றைக்கு இவருக்குச் சோறு இறங்கவில்லை. டிவியில் அந்த முகம் வந்துவிட்டால், "உங்க ரெண்டாவது பொண்டாட்டி வந்தாச்சு, ஓடி வாங்க" என்று மனைவி அடுப்பங்கரையிலிருந்து குரல் கொடுப்பாள். மகள் கல்யாணத்துக்குக் குறித்த தேதி போட்டி வாரத்தில் விழுந்ததற்காக அதையே ஒரு வாரம் தள்ளிப்போட வைத்தவர் இவர். மகள் இன்றைக்கும் ஃபோனில் அதைக் குத்திக்காட்டாமல் வைப்பதில்லை.

இந்த வருஷம் சாம்பியனுக்கு ஐம்பத்தொன்று. இடது முழங்காலில் இரண்டாவது அறுவையும் முடிந்திருந்தது. பழைய சாம்பியன் என்ற முறையில் அழைப்பு உண்டு. வருகிறேன், இதுதான் கடைசி என்று அறிவித்துவிட்டு வந்தார். பேப்பரில் பழைய படங்களாகப் போட்டுத் தள்ளினார்கள். குழியாருக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. இந்த வயதில் அவர் ஜெயிக்கமாட்டார் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். நாலு நாளில் ஒரு நாளாவது அந்த மனுஷன் பதினெட்டாவது கிரீனில் நடந்து ஏறி, சனங்கள் எழுந்து நின்று கை தட்ட, குழியிலிருந்து தன் பந்தைக் குனிந்து எடுக்க வேண்டும். பம்பு அறைச் சந்திலிருந்து அதைப் பார்த்துவிட்டால் போதும் என்று இருந்தது.

புதன்கிழமை, போட்டிக்கு முந்திய நாள் சாயங்காலம், தெளிப்பான் ஒன்று மக்கர் செய்கிறது என்று குழியார் பம்பு அறைக்குள் மண்டியிட்டு வால்வைத் திருகிக்கொண்டிருந்தார். பயிற்சி முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள். சன்னல் வழியாகப் பார்த்தால் பதினெட்டாவது கிரீன். சாம்பியன் தனியாக வந்தார். மட்டைப் பை தூக்குபவரைக்கூட அனுப்பிவிட்டிருந்தார். கீழ்த்தட்டில் நின்று சுற்றும் முற்றும் பார்த்தார். யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு, சரிவில் ஏறத் தொடங்கினார்.

நேராக ஏறவில்லை. பக்கவாட்டில் திரும்பி, மட்டையைக் கைத்தடியாக ஊன்றி, வலது காலை முதலில் வைத்து, இடது காலைப் பிறகு இழுத்துச் சேர்த்து, ஒரு நேரத்துக்கு ஓர் அடியாக ஏறினார். இடுப்பளவுச் சரிவு. நாலு எட்டில் ஏற வேண்டியது. நடுவில் இரண்டு தடவை நின்றார். மேலே போய்ச் சேர்ந்ததும் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டார்.

கிரீனில் உட்காருவதா! வேறு யாராக இருந்தாலும் குழியார் சன்னலைத் திறந்து கத்தியிருப்பார். இப்போது அவர் வால்வைக்கூடத் தொடாமல், இரும்புச் சத்தம் வெளியே கேட்டுவிடுமோ என்று பயந்து, மண்டியிட்டபடியே கிடந்தார். சாம்பியன் எழுந்திருக்க எடுத்துக்கொண்ட நேரத்தை அவர் பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி தையல் மிஷினுக்கு முன்னால் இருந்தாள். போட்டிக்கான பதினெட்டுக் கொடிகளும் அவள் தைப்பதுதான். எண் போட்ட மஞ்சள் துணியின் ஓரத்தை மடித்து மடித்து ஓட்டிக்கொண்டிருந்தாள். கடைசிக் கொடி மிச்சமிருந்தது.

"நாளைக்குப் பதினெட்டுல குழி மேல்தட்டுல" என்றார்.

"அதுக்கு ஏன் எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி மூஞ்சிய வெச்சிருக்கீங்க?"

பார்த்ததைச் சொன்னார். அவள் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அவரு காலு, அவரு ஆட்டம். ஏறுவாரோ உக்காருவாரோ, அவரு பாத்துக்குவாரு. நீங்க ஏன் நடுவுல மண்டைய உடைச்சுக்கறீங்க?"

"அத்தனை பேரு முன்னாடி அப்படி ஏறணுமா அந்த மனுஷன்?"

"ஏறட்டுமே. யாரு சிரிக்கப் போறாங்க?"

சிரிக்கமாட்டார்கள். ஐயோ பாவம் என்பார்கள். அதுதானே விஷயம் என்று அவர் நினைத்தார். அவள் கடைசிக் கொடியை முடித்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

வியாழக்கிழமை விடிகாலையில் பதினேழு குழியும் முறைப்படி வெட்டினார். குழி எங்கே என்று போட்டி நடுவர்தான் முடிவு செய்வார். முந்தின நாளே அந்த இடத்தில் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி வைத்துவிட்டுப் போவார். புள்ளி விழுந்த இடத்தில் புல் பழுதாக இருந்தால் மட்டும் குழி வெட்டுபவர் பக்கத்துச் சமதளத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம். நகர்த்தினால், அச்சுக்குப் போகும் தாளில் காரணம் எழுத வேண்டும். முப்பத்தொரு வருஷத்தில் குழியார் இப்படி நகர்த்தியது எட்டோ ஒன்பதோ தடவை. எல்லாம் நிஜமான பழுது.

பதினெட்டாவதில் புள்ளி மேல்தட்டின் விளிம்பில், சரிவுக்கு இரண்டு எட்டு மேலே இருந்தது. புல் பட்டுத்துணிபோல இருந்தது. குறை சொல்ல ஓர் இதழ் கிடையாது. குழியார் புள்ளிக்கு மேல் நின்றார். சுற்றிலும் பார்த்தார், முந்தின நாள் சாம்பியன் பார்த்த மாதிரியே. பிறகு வலது குதிகாலைப் புள்ளியின் மேல் ஊன்றி, உடம்பின் எடையைப் போட்டு, ஒரு திருகு திருகினார்.

புல் கிழிந்த சத்தம் அவருக்குக் கேட்டது. காலைத் தூக்கி வெச்சு நடங்க என்று ஊரையெல்லாம் அதட்டிய ஆள். நின்று யோசித்தால் கை ஓடாது என்று தெரிந்து, குழலைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினார். சரிவில் குழி வைக்க முடியாது, பந்து நிற்காது. மேல்தட்டில் மிச்ச இடம் மற்ற நாட்களின் குழிக்காக மிதிபடாமல் இருக்க வேண்டும். ஆகவே பழுதான புள்ளியை விட்டால் அடுத்த சமதளம் கீழ்த்தட்டுதான் என்று யார் கேட்டாலும் சொல்லலாம். கீழ்த்தட்டில், இடது பக்கம், நடந்து வருகிறவர் ஓர் அடிகூட ஏறாமல் நேராக வந்து சேரும் இடத்தில் குழலை நிறுத்தித் திருகினார். தோள் வலித்தது. முப்பத்தொரு வருஷத்தில் வெட்டியதிலேயே சுத்தமான குழி அதுதான் என்று அவருக்கே தோன்றியது. தாளில் 'புல் பழுது' என்று எழுதினார்.

பம்பு அறை ஓரம் குழலைக் கழுவும்போது சாம்பியன் வந்தார். சவரம் செய்து, வெள்ளைத் தொப்பி வைத்து, முழங்காலில்கூடச் சுருக்கம் இல்லாத கால்சட்டையோடு விறைப்பாக வந்தார். கஷ்டப்பட்டு நேராக நடந்தார். ஒருவர் அப்படிக் கஷ்டப்படுவது, பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் தெரியும்.

"குழியாரே, இன்னைக்கு எங்க வெச்சிருக்கீங்க?"

குழியார் தலையைத் தூக்கினார். தூக்கியிருக்கக் கூடாது. இருபத்தாறு வருஷமாகத் தூக்கியதில்லை. தூக்கியதும் அந்த முகத்தில் தூக்கமில்லாத கண்ணைப் பார்த்தார். அவருக்குள் இருந்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. நல்ல செய்தியை வைத்துக்கொண்டு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"கீழ்த்தட்டுல வெச்சிருக்கேன் சார். இடது பக்கம். மேல ஏற வேண்டாம்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவர் காதிலேயே விழுந்தது.

சாம்பியன் அசையவில்லை. "மேல ஏற வேண்டாமா" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் தன் முழங்காலையே பார்த்தார். பிறகு கிரீன் பக்கம் பார்த்தார்.

"எப்போ பாத்தீங்க?"

"நேத்து சாயங்காலம். பம்பு ரூம்ல இருந்தேன். யாருக்கும் தெரியாது சார். சத்தியமா யார்கிட்டயும்..."

மனைவியிடம் சொன்னது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

"உங்களுக்குத் தெரியுமே" என்றார் சாம்பியன். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் குழியார் பிழைத்திருப்பார். "உங்களுக்கே அப்படித் தோணிப் போச்சு."

தொப்பியைக் கழற்றி ஒரு தடவை உள்பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பவும் வைத்துக்கொண்டார். வந்த வழியே நடந்தார். இப்போது நேராக நடக்கச் சிரமப்படவில்லை. பம்பு அறை மூலை திரும்பும்போது நன்றாகவே நொண்டினார்.

குழியாருக்கு ஓடிப்போய்க் காலைப் பிடித்துக்கொள்ளலாமா என்று இருந்தது. நகரவில்லை. குழாயிலிருந்து தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். முழங்கால் காயம் காரணமாகச் சாம்பியன் போட்டியிலிருந்து விலகிக்கொள்கிறார். கூடியிருந்த சனங்களிடமிருந்து ஒரு சத்தம் எழுந்தது. பூச்செண்டோடு வந்திருந்த பெண் ஒருத்தி அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். பை தூக்குபவர் அந்தப் பெரிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், முதல் குழிப் பக்கம் போக வேண்டியவர் கார் நிறுத்தும் பக்கம் போனார். பத்திரிகைக்காரர்களிடம் சாம்பியன் இரண்டே வாக்கியம் சொன்னாராம். காலையில் உடம்பைத் தளர்த்திக்கொள்ளும்போது முழங்கால் மறுபடி பிசகிவிட்டது. யாரையும் ஏமாற்ற விருப்பமில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

குழியார் பெயர் வரவேண்டிய இடத்தில் முழங்காலைப் போட்டு மூடிவிட்டார். அது குழியாருக்கு மட்டும்தான் தெரிந்தது.

பகல் முழுவதும் ஆட்டக்காரர்கள் பதினெட்டாவதில் அந்தக் கீழ்த்தட்டுக் குழியில் பந்தை அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். யாருக்காக வெட்டியதோ அவர் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் அது பயன்பட்டது. மத்தியானம் போட்டி நடுவர் தாளை எடுத்துக்கொண்டு வந்தார். கறாரான ஆள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர்.

"ஏழு தப்படி நகர்த்தியிருக்கீங்க. எங்க பழுது?"

குழியார் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். குதிகால் திருகிய இடம் வெயிலில் வாடி மஞ்சளாகியிருந்தது. வேலை போனாலும் போகட்டும், கேட்டால் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றே இருந்தார். நடுவர் குனிந்து பார்த்தார்.

"எவனோ காலைப் போட்டுத் திருகியிருக்கான். இவங்களுக்கெல்லாம் புல்லோட அருமை எங்க தெரியுது?" என்றார். குழியாரின் தோளைத் தட்டினார், வலி இருந்த தோளை. "நல்ல வேளை, நீங்க பாத்தீங்க. வேற யாரா இருந்தாலும் இது மேலயே வெட்டியிருப்பாங்க."

ஆமாங்க என்றார்.

சாயங்காலம் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அடியில் எழுத்துகள் நகர்ந்தன. முழங்கால் காயம், சாம்பியன் விலகல். மனைவி அன்றைக்கு ரெண்டாவது பொண்டாட்டி என்று கேலி செய்யவில்லை. தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவர் ஒன்று விடாமல் சொன்னார். குதிகாலால் திருகியதைச் சொல்லும்போது மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நல்லதுன்னு நெனச்சுத்தானே பண்ணேன்" என்றார்.

"அந்தத் தோட்டக்காரரும் நல்லதுன்னு நெனச்சுத்தானே ரெண்டு குழி வெட்டி வெச்சாரு" என்றாள் அவள். "அப்ப மட்டும் உங்களுக்குச் சுருக்குன்னு இருந்துச்சே. ஒரு மாசம் அந்த மனுஷன் மூஞ்சியில முழிக்கலையே நீங்க."

அவர் தட்டை ஓரமாகத் தள்ளினார். அவள் அதற்கு மேல் விரட்டவில்லை. "சாப்பிடுங்க, ஆறுது" என்றாள். அவர் சாப்பிட்டார். சாப்பிடாமல் எழுந்தால் அதுவும் ஒரு வேஷமாகத் தெரியும் என்று கூச்சமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வழக்கத்தைவிட அரை மணி முன்னதாகக் கிளம்பினார். சட்டைக் கையை நுழைத்துவிட்ட மனைவி ஏன் என்று கேட்கவில்லை. முதலில் பதினெட்டாவது கிரீனுக்குத்தான் போனார். பின்புறம் நாற்றங்காலில் வளர்த்த புல்லிலிருந்து ஓர் உருளை எடுத்துக்கொண்டார். தன் குதிகால் தடத்தின் மேல் குழலை நிறுத்தித் திருகி, அந்தத் தடத்தை மண்ணோடு வெளியே எடுத்தார். நல்ல புல்லை அதில் இறக்கி, தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் அமுக்கித் தடவினார். உயரமும் இல்லை, தாழ்வும் இல்லை. இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது. பிடுங்கிய தடம் கையிலேயே இருந்தது. அதைக் கழிவுக் கூடையில் போடாமல், என்ன செய்வதென்று தெரியாமல், கருவிகள் வைக்கும் வண்டியில் ஓரமாக வைத்தார்.

அன்றைக்குப் புள்ளி மேல்தட்டில், இடது ஓரத்தில். புள்ளியின் மேலேயே வெட்டினார். நேற்றைய கீழ்த்தட்டுக் குழியை மூடினார். மற்றப் பதினேழையும் முடித்துவிட்டுப் பம்பு அறைக்குத் திரும்பியபோது வெளிச்சம் நன்றாக வந்திருந்தது.

ஒரு கார் நின்றுகொண்டிருந்தது. கிளப் கட்டடத்திலிருந்து வெளி வாசலுக்குப் போகப் பம்பு அறைப் பக்கம் வர வேண்டியதே இல்லை. சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஓட்டுகிற இடத்தில் சாம்பியனின் மனைவி இருந்தாள். பின்சீட்டில் அவர், சாமான்களுக்கு நடுவில், கதவில் முதுகைச் சாய்த்து, இடது காலை நீளமாக நீட்டியிருந்தார். இனி மறைக்க ஒன்றும் இல்லை என்பதுபோல, தொடையிலிருந்து கணுக்கால் வரை விறைப்பான கட்டு. கூட்டம் வருவதற்குள் கிளப்பில் இருந்த அவர் அலமாரியைக் காலி செய்துகொண்டு போக வந்தவர்கள்.

கண்ணாடி இறங்கியது. குழியார் ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போனார். விடிகாலையிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த வார்த்தைகள் எல்லாம் தயாராக இருந்தன.

"சார், நேத்து நான்..."

"குழியாரே" என்றார் சாம்பியன். சொல்ல விடவில்லை. "இன்னைக்கு எங்க வெச்சிருக்கீங்க?"

குழியார் அந்தக் காலைப் பார்த்தார். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தார். என்ன கேட்கிறார் என்பது புரிந்தது. புரிந்ததும் கண் முட்டியது. நேற்றுச் சொல்லாமல் விட்டதை இன்றைக்காவது சொல் என்கிறார். இப்படி மடக்க முடியாத காலோடு கிடக்கும் ஒரு மனுஷனைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருப்பதற்கு ஆயிரம் காரணம் இருந்தது. எல்லாம் நேற்றைய காரணங்களே. சாம்பியன் காத்துக்கொண்டிருந்தார். முன்சீட்டில் அவர் மனைவி திரும்பாமல் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழியார் தலையைக் குனிந்துகொண்டார்.

"போய்ப் பாருங்க" என்றார்.

"ம்" என்றார் சாம்பியன். "பாக்கறேன்."

கண்ணாடி ஏறியது. கார் பின்னால் வந்து, திரும்பி, கிரீன் இருக்கும் பக்கம் போகாமல் வெளி வாசலுக்குப் போனது.